தொங்கல் காம்பராப் பேய்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவை ஒரு காலத்தில் பேய் பிடித்திருந்தது என்று நாங்கள் முன்பு வேலை செய்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த யாரோ சின்னவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் வந்து என்னிடம் கேட்டாள். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சனங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, காறித் துப்பத்தான் வருகிறது. ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கல்யாணம் முடித்த புதிதில் எங்களுக்கு லயத்தின், அந்த வரிசை வீடுகளின், கடைசி வீடு கிடைத்தது. தொங்கல் காம்பரா என்போம். அதற்கு ஒரு பக்கம் அயல் வீடு கிடையாது. அந்தப் பக்கத்தில் கோழிக்கூடு கட்டலாம், நாலு பாத்தி மரக்கறி போடலாம். லயத்தில் அதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. எங்கள் கங்காணிக்கு அதன் மேல் கண். அவர் மகனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த சமயம் அது. எங்களை வீட்டை விட்டு எழுப்பிவிடச் சொல்லிப் புதிய துரையிடம் போய்க் கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

அப்போதுதான் பேய் வந்தது.

மூத்தவன் அம்மா வயிற்றில் இருந்தான். முதலில் கல் விழுந்தது. பிறகு மண்ணாங்கட்டி, விறகுக் கட்டை. ஒருநாள் கொதிக்கிற சோற்றுப் பானையில் ஒரு கை சாம்பல். அரிசிக்கு நாங்கள் நாயாக அலைந்த காலத்தில்! எல்லாம் மேலேயிருந்துதான் விழுந்தன. கதவு சாத்தியிருக்கும், கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்காது.

நீங்கள் பதுளை டவுனில் வளர்ந்தவர்கள், உங்களுக்கு லயத்துச் சுவர் தெரியாது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே ஓர் ஆள் தவழ்ந்து போகலாம். இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்பார்கள். லயத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் பேய் என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவர்கூட அந்த இடைவெளியை அண்ணாந்து பார்க்கவில்லை. காலையில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது நேரத்துக்கு வந்து நிற்காத சோம்பேறிகூட, பேய் பார்க்க மட்டும் நேரத்துக்கு வந்தான்.

“இந்தா, மோந்து பாரு மச்சான். சுடுகாட்டு மண்ணு வாசம்!”

“ஆமாடா, எங்க தாத்தாவப் பொதச்ச எடத்து மண்ணுடா இது!”

அது எங்கள் லயத்துச் சாக்கடைக் கானில் கிடந்த மண். தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் இருவரும் வேலைக்குப் போனார்கள்.

நான் சுவரைக் காட்டிச் சொன்னேன். யார் கேட்டார்கள்? அடுத்த காம்பராவில் கங்காணியின் தங்கை இருந்தாள். கல் விழும்போதெல்லாம் அவள் கதவில் வெளிப்பூட்டுத் தொங்கும். கால் வீங்கிய புருஷனைப் பதுளை ஆஸ்பத்திரி வார்ட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றாள். அவளோ எங்கள் வீட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி இருப்பாள்.

“ஐயோ தங்கச்சி, புள்ளத்தாச்சிய இந்தப் பாடு படுத்துதே! பேசாம ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு. உசுரு இருந்தா எந்தக் காம்பராவுலயும் இருந்துக்கலாம்.”

கங்காணி பெரகலப் பக்கமிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார். பூசாரி அம்மாவின் வயிற்றைப் பார்த்தே குறி சொன்னான்.

“இதுக்கு ஆசப்பட்டுத்தான் வந்திருக்கு. ஞாயித்துக்கெழம பெரம்பால அடிச்சு எறக்கணும். எறக்கினாலும் இந்த எடத்துல குடியிருக்கப்படாது.”

“வயித்துப் புள்ளக்காரிய அடிப்பீங்களா?” என்றேன்.

கங்காணிக்குக் கோபம். “தம்பி, நீ அஞ்சாம் வகுப்புப் படிச்சவன். சாமிக்கு மேல ஒனக்குத் தெரியுமோ?”

“சாமி எத்தனாம் வகுப்புங்க?”

யாரோ சிரித்தார்கள். ஆனால் பிரம்படி வேண்டாமென்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பிள்ளை கலைந்தால் கலையட்டும், வேடிக்கை நின்றுவிடக் கூடாது. அவ்வளவுதான் அவர்களுக்கு.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா சம்மதிக்கவில்லை.

“என்னாங்க, ஒன்னு கவனிச்சீங்களா? நான் சம்பலுக்கு மொளகா வறுக்கிற அன்னிக்கு மட்டும் பேய் வாறதில்ல.”

“பேய்க்குச் சம்பல் புடிக்காதாக்கும்.”

“கிண்டல் பண்ணாதீங்க. அந்த நெடியெல்லாம் எங்க போவுது?”

இருவரும் சுவருக்கு மேலே பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை லயமே எங்கள் வாசலில் கூடியது. பூசாரி பிரம்பை எடுத்ததும் அம்மா கும்பிட்டாள்.

“சாமி, அதுக்கு முன்னாடி எனக்குத் திருஷ்டி கழிச்சிருங்க.”

மிளகாயைத் தலையைச் சுற்றி நெருப்பில் போடுவது நம் வழக்கம். நெடி ஏறாவிட்டால் கண்பட்டிருக்கிறது என்பார்கள். எந்தப் பூசாரி அதை மறுப்பான்? அவன் நாலைந்து காய்தான் கேட்டான். அம்மா ஒரு சுண்டு நிறையச் செத்தல் மிளகாயை அடுப்பில் கொட்டினாள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

பூசாரிதான் முதலில் வெளியே பாய்ந்தான். எல்லோரும் வாசலில் நின்று இருமினோம். ஒவ்வொருவராக இருமல் அடங்கியது. பூட்டிக் கிடந்த அடுத்த காம்பராவில் மட்டும் அடங்கவில்லை.

“பேய் இருமுதுடா!”

“பாத்தீங்களா, என் மந்திரத்துல வேகுது!” என்றான் பூசாரி, கண்ணைத் துடைத்தபடி.

“அக்கா, சாவியக் குடுங்க,” என்றேன்.

“தொலஞ்சி போச்சி தம்பி.”

அம்மா நேராகப் போய் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். பூட்டைத் திறந்தேன். வார்ட்டில் கிடக்க வேண்டியவன் சுவரோரம் அடுக்கிய பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு கூடை நிறையக் கல். மூக்கு ஒழுக, “தண்ணி, தண்ணி” என்றான்.

“காலு சுகமா மச்சான்?” என்று கேட்டது ஒரு குரல்.

இதோடு அவர்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். பூசாரி சற்றும் கூசாமல், “அந்தப் புள்ளய விட்டுட்டு இப்ப இவன் மேல ஏறிருச்சு” என்றான். பாதிப் பேர் அந்தக் கல்லெறிந்த பயலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்! கங்காணி எதுவுமே தெரியாதவர் போல மச்சானை நாலு வார்த்தை ஏசிவிட்டு நடையைக் கட்டினார். எங்களிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேய் உங்கள் அம்மாவைப் பிடித்து விட்டுப் போனது என்ற கதையை அன்று பூசாரி சொன்னபடியே இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கண்ணால் கண்டதைவிட அவர்களுக்கு அதுதான் ருசி.

கல் விழுவது அன்றோடு நின்றது. நாங்கள் காம்பராவை விடவில்லை. மூத்தவன் அங்கேதான் பிறந்தான். அவன் அழுத சத்தம் சுவருக்கு மேலால் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடுத்த காம்பராக்காரி ஒரு வாளி வெந்நீரோடு வாசலில் வந்து நின்றாள்.

“புள்ளயப் பாக்கலாமா தம்பி?”

வெந்நீர் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டேன். பிறகு கதவைச் சாத்தினேன்.