இடம் பார்த்துக்கொண்ட கிச்சா

ரங்கநாதன் தெரு நடைபாதையில் யாருக்கும் சொந்த இடம் கிடையாது. ஆனாலும் மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கினால் முதலில் ஹனீஃபா கடை என்பது தெருவுக்கே தெரியும். நீலப் படுதாவில் கர்சீப், சாக்ஸ், ஊக்கு என்று பரப்பிவைத்து முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த மனுஷன். அவர் வந்த புதிதில் கேட் போட்ட வீடுகள் சில மிச்சமிருந்தன. அப்புறம் அவையும் இடிந்து, வானத்தை மறைக்கிற துணிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் எழும்பின. எது வந்தாலும் படுதா மட்டும் நகரவில்லை.

பக்கத்து இடம் கிச்சாவுடையது. பிளாஸ்டிக் டப்பா, வடிகட்டி விற்பவர். "ஹனீஃபா பாய் கடைக்குப் பக்கத்துல" என்றுதான் தன் கடைக்கே அடையாளம் சொல்வார். ஸ்கைவாக் வந்து ஜனம் தலைக்கு மேலே போக ஆரம்பித்தபோது, மேற்கு மாம்பலம் பக்கம் போய்விடலாம் என்று மூட்டை கட்டினார். "மேல போறவன் கீழ எறங்கித்தானே ஆவணும்? குந்து நைனா" என்று பிடித்து உட்கார வைத்தவர் ஹனீஃபாதான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். ஒருவர் வராவிட்டால், பக்கத்துக்காரர் அவருடைய படுதாவை விரித்து, தன் சரக்கில் கொஞ்சத்தை அதன்மேல் வைத்து இடத்தைக் காப்பார். ஆள் திரும்பிய அன்றே எடுத்துக்கொள்வார். கிச்சா நெஞ்சு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது ஹனீஃபா அப்படித்தான் காத்தார். எவனெவனோ கண் வைத்தும் ஒரு சாண் விடவில்லை.

இந்த ஆடியில் ஹனீஃபாவின் மனைவி நஸ்ருன்னிசா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. படுதாவைக் கிச்சாவிடம் கொடுத்துவிட்டு ஹனீஃபா சைதாப்பேட்டை வீட்டோடு இருந்துவிட்டார். ஃபோன் செய்தபோதெல்லாம், "இடம் அப்படியே கீது பாய். அண்ணியப் பாத்துக்கோ" என்றார் கிச்சா.

தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் ஹனீஃபா கர்சீப் மூட்டையோடு வந்து நின்றார். படுதாவின் மேல் கம்பி ஸ்டாண்ட். அதில் செல்ஃபோன் கவர்கள் தொங்கின. பின்னால் கிச்சாவின் மருமகன் சாய்நாத்.

"இன்னா கிச்சா இது?"

"மாப்ளைக்கு வேல பூட்ச்சு பாய். பொண்ணு அழுவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"போன வாரங்கூட அப்படியே கீதுன்னியே?"

கிச்சா டப்பாக்களை அடுக்கினார். டீ சொல்லட்டுமா என்றார். ஹனீஃபா மூட்டையைக் கீழே இறக்கினார். வாய் திறந்து கேட்டிருந்தால் பாதி இடத்தைக் கொடுத்திருப்பாரே! அண்ணி எப்படி என்று அத்தனை அக்கறையாய் விசாரித்த அதே குரல்தான் இந்தப் பொய்யையும் சொல்லியிருக்கிறது.

அப்போது கிச்சாவின் ஃபோன் அடித்தது. சரக்கு கொண்டுவரும் புது ஆள் வழி கேட்டான். "ஸ்டேஷன் படி எறங்கு. ஹனீஃபா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சாய்நாத் கடைன்னு கேளு. பக்கத்துலதான்" என்றார்.

ஹனீஃபா குனிந்து படுதாவின் ஓரத்தைப் பிடித்தார். "எழுந்திரு தம்பி. இந்தப் படுதா என்னுது."

சாய்நாத் அவசரமாக ஸ்டாண்டைத் தூக்கினான். ஹனீஃபா படுதாவை உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினார். வெறுந்தரையைப் பார்த்து நின்ற மருமகனிடம், கிச்சா டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். புதுப் படுதா. என்றைக்கோ வாங்கி வைத்திருக்கிறார், பொட்டலத்தின்மேல் தூசி படிந்திருந்தது.