ரங்கநாதன் சட்டையில்லாமல் அமர்ந்த முகூர்த்தம்

ரங்கநாதன் காலமான செய்தி எங்கள் பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு காலை வணக்கப் படத்துக்கும் மூட்டுவலிக் கஷாயத்தின் செய்முறைக்கும் நடுவில் வந்தது. தூக்கத்தில் மாரடைப்பு. முதல் பதிலாக ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். பிறகு அவசரமாக நீக்கினார். ரங்கநாதன் பார்த்திருந்தால், முதலில் வந்த கருத்துதான் நேர்மையானது என்றிருப்பார்.

மாநில அரசின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை முழுக்கைச் சட்டைக்காரராகவே அறிவீர்கள். பெங்களூரின் ஏப்ரலிலும் மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருக்கும். அதைப் பழைய காலத்து மரியாதை என்று பாராட்டியவர்கள் உண்டு. உள்ளே இருந்தது சொரியாசிஸ். முழங்கை, மார்பு, முதுகு எங்கும் சிவந்த தடிப்புகள், அவற்றின் மேல் வெள்ளைச் செதில்கள். உதிர்ந்தால் தெரியும் என்பதால் அடர்நிறச் சட்டையே அவரிடம் கிடையாது.

விஷயம் கசிந்ததும் அலுவலகத்தில் எல்லோரும் மருத்துவர்கள் ஆனார்கள். ஒருவர் கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார், இன்னொருவர் வேப்பெண்ணெயைத் தொடங்கச் சொன்னார். "வியாதி எனக்கு ஒருத்தனுக்குத்தான். வைத்தியம் மூணு மாடிக்கும் இருக்கு" என்பார் ரங்கநாதன். கேண்டீன்காரர் ஒருநாள் தனியாக ஒரு டம்ளரை நீட்டி, "நிம்மது பேரே லோட்டா, சார்" என்றார் கன்னடத்தில், உங்களுடையது வேறு டம்ளர் என்று. ரங்கநாதன் வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார்: "இந்தக் கேண்டீன்லேயே வேற யாரும் வாய் வைக்காத டம்ளர் எனக்கு மட்டும்தான். பொறாமைப்படாதீங்கோ."

பிறகு விரல்கள் வீங்கின. முழங்கால் மடங்க மறுத்தது. தோல் மருத்துவர் தோலோடு நின்றார். எலும்பு மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை. இரண்டும் ஒரே நோயின் வேலை என்று மூன்றாவதாக ஒரு மருத்துவர் கண்டுபிடிப்பதற்குள் சில ஆண்டுகள் போயிருந்தன. காலையில் தாமதமாக வருவதற்கு மேலதிகாரி விளக்கம் கேட்டபோது, "எழுந்துடறேன் சார். உடம்பு வந்து சேர ஒரு மணி நேரம் ஆறது" என்றார். அதிகாரி அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். அது வெறும் தகவல்.

வேடிக்கை பேசாத ஒரு வருடமும் இருந்தது. கோப்பறையில் தனியாகச் சாப்பிட்டார். எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அரிப்பைத் தாங்கிடலாம். கை குடுக்க வந்தவா, பாதியில கையை எடுத்துக் கும்பிடறா பாருங்கோ, அதைத்தான் தாங்க முடியலை" என்றார்.

அந்த நிலையில்தான் மகள் வித்யாவின் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வழக்கப்படி, தாலி கட்டும்போது தகப்பனார் நெல் மூட்டைமேல் அமர்ந்து பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் பஞ்சகச்சம், மேலே வெற்றுடம்பு. மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும், அவரது உறவினர்களுக்குத் தெரியாது. ரங்கநாதனின் தம்பி யோசனை சொன்னார்: "அண்ணா, நான் உக்காந்துக்கறேன். உன் முழங்கால் தாங்காதுன்னு சொல்லிடலாம்." முழங்கால் அந்த வீட்டில் முதல் தடவையாக எல்லோருக்கும் உபயோகப்பட்டது. ரங்கநாதனும் சம்மதித்துவிட்டார்.

வித்யா சம்மதிக்கவில்லை. "சித்தப்பா மடியில உக்காந்து நான் ஏன் தாலி கட்டிக்கணும்? அப்பா செத்தா போயிட்டார்?" என்று கேட்டாள். மறுநாள் காலை ரங்கநாதன் தம்பியைக் கூப்பிட்டு, "நானே உக்காந்துக்கறேன்" என்றதாக அவர் மனைவி பின்னால் சொன்னார்.

மல்லேஸ்வரத்து மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தேன். அறையிலிருந்து பஞ்சகச்சத்தோடு வெளியே வந்தார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டியிருந்தார். நாதஸ்வரம் நிற்கவில்லை, பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வந்து, தணிந்த குரல் என்று அவர் நினைத்த குரலில், "இது ஒட்டிக்குமோ?" என்றார்.

ரங்கநாதன் பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டினார். "கல்யாணமான நாள்லேர்ந்து இவ என் பக்கத்துலதான் இருக்கா. இன்னும் ஒட்டலை. உங்களுக்கு ஒரு முகூர்த்தத்துல ஒட்டிடுமா?"

முதலில் சிரித்தது அந்த மனைவிதான். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் நாற்காலியை ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாத்தியார் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டினார். பெண்ணின் எடை முழுவதும் அந்த முழங்கால்களின் மேல் இருந்தது. ரங்கநாதன் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

தாலி ஏறியபின் அவரால் எழ முடியவில்லை. தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போனோம். அவர் கையின் மேல்பகுதியைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றேன். தோல் சொரசொரப்பாக, காய்ச்சல்காரர் உடம்பு போலச் சூடாக இருந்தது.

"பூ பறிக்கறேளா?" என்றார் ரங்கநாதன். "இறுக்கிப் பிடிங்கோ. உரிஞ்சா உரியட்டும், அது மறுபடி வந்துடும். நான் விழுந்தாத்தான் கஷ்டம்."

இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடி ஒன்றுதான். உடம்பு முடியாத யாரையாவது இன்று எழுப்பிவிட நேர்ந்தால், விரல் நுனியால் தொடுவதில்லை.