கடலையெண்ணெய் குடித்த ஓஸ்

அறுபதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் ஓஸ் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி அதற்கு முன் எண்ணெய் மில் வைத்திருந்தவர். என் தலையெழுத்து, அந்த மில் அவர் மண்டையை விட்டுப் போகவே இல்லை.

வெள்ளை மாவாக வரும் பிளாஸ்டிக்கில் மெட்ராஸிலிருந்து வரும் ரசாயன எண்ணெயைப் பிசறி, சூடான மிஷினுக்குள் விட வேண்டும். உள்ளே அது மாவோடு ஒன்றாகக் கலந்து அதன் குணத்தையே மாற்றிவிடும். அதனால்தான் விறைப்பான பிளாஸ்டிக் வளைகிற ஓஸாக வெளியே வருகிறது. இதை அவரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அந்தக் கோடையில் கெடாரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பங்காளி வாய்க்காலை அடைத்துவிட்டான். வரப்பின் மேல் ஓஸ் போட்டுத்தான் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டுமாம்.

"கேப்பை கதிரு வர்ற நேரங்க. வாடிக்கினே போவுது. சீக்கிரம் குடுங்க."

ரசாயன எண்ணெய் டிரம்மின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. லாரி வரும்வரை பொறுக்கலாம் என்றேன். முதலாளி கேட்டால்தானே! ஒரு டின் கடலையெண்ணெயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"மல்லாட்டை எண்ணெயில இன்னாய்யா கொறைச்சல்? ஊத்து, ஜல்தி!"

"அது இதோட சேராதுங்க முதலாளி. அப்புறம் வெளிய கக்கிடும்."

"எண்ணெயைப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்று தானே கவிழ்த்தார்.

மாவு முன்னே நகராமல், மிஷினுக்குள் அதைத் தள்ளும் திருகோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு சுற்றியது. பட்டறை முழுக்க வடை சுடும் வாசனை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படியோ பிதுங்கி வந்த ஓஸ் பளபளவென்றிருக்க, அவர் மீசையைத் தடவிக்கொண்டார். விவசாயி கும்பிட்டுவிட்டு அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வெயிலில் கிடந்ததும் எண்ணெயெல்லாம் கசிந்து எறும்பு மொய்த்ததாம். ஓஸ் விறைத்துப்போய், மோட்டார் போட்டதும் நெடுக வெடித்துவிட்டதாம். தகவல் வந்தபோதும் முதலாளி மோட்டாரைத்தான் திட்டினார். இந்த மனிதரோடு மாரடித்த நேரத்தில் மண் சுமந்திருக்கலாம் என்று தோன்றியது.

லாரி வந்ததும் ஒழுங்கான ஓஸ் ஒன்றைச் செய்து, நானே பஸ்ஸில் போட்டுக்கொண்டு கெடாருக்குப் போனேன். கேப்பைக் கொல்லையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓஸைக் கீழே போட்டுவிட்டு விரட்ட ஓடினேன்.

"வெரட்டாதப்பா," என்றார் விவசாயி, வரப்பில் உட்கார்ந்தபடியே. "நான்தான் அவுத்து வுட்டேன். அதுங்களாவது துன்னட்டும்."