கேள்வி கேட்காத லோயர் தேவை

போன வாரம் என் நண்பர் சிவலிங்கத்தாரின் லைசன்ஸ் போய்விட்டது. ஆறு மாதத்துக்கு.

அவருக்கு வீடு நோபல் பார்க்கில். வேலையோ மெல்பேர்னின் மறுகோடியில் ஒரு தொழிற்சாலையில். விடியற்காலை ஷிஃப்ட், பஸ், ரயில் எதுவும் ஓடாத நேரம். கார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, நடு மத்தியானம். தெற்கே போய்க்கொண்டிருந்தவர், சந்தியில் வலப்பக்கமிருந்து ரொட்டி ஏற்றிவந்த பாண் வான் வண்டியை இடித்துவிட்டார். காரணம்? பின் சீட்டில் மீன் பார்சல் சரிந்ததென்று திரும்பிப் பார்த்திருக்கிறார்.

வழக்கென்று வந்தால் நாங்கள் சும்மா இருப்போமா? ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூடினோம் — இரண்டு டாக்டர்கள், ஒரு இன்ஜினியர், நான். கோர்ட்டில் மீனைப் பற்றி மூச்சு விடக்கூடாதென்று முடிவாயிற்று.

"வெயில் கண்ணுக்குள்ள அடிச்சுப்போட்டுது எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்தது லோயர் தேடும் படலம். நானும் கூடப் போனேன். முதல் லோயர் இளைஞர். எங்கள் கதையைச் சொல்லவே விடவில்லை. "எங்கே பார்த்துக்கொண்டு ஓட்டினீர்கள்? உண்மையைச் சொல்லி ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விடச்சொல்லிக் கேட்கலாம்," என்றார்.

வெளியே வந்ததும் சிவலிங்கத்தார் முகம் சுளித்தார். "இந்தாள் எங்கட லோயரோ, பொலிசின்ர லோயரோ?"

நியாயமான சந்தேகம். யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து என்றால் கோர்ட் கூரை அதிர வாதாடுவார். கட்சிக்காரனையா குறுக்கு விசாரணை செய்வார்?

இரண்டாவது லோயருக்கு நரைத்த தலை, வெண்கலக் குரல். வெயில் கதையைக் கேட்டார். கேள்வியே இல்லை. "கவலையை விடுங்கள்," என்று கையைக் குலுக்கினார். எங்களுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கோர்ட்டில் அவர் வெயிலைப் பற்றி அருமையாக முழங்கினார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு சிவலிங்கத்தாரைப் பார்த்தார்.

"மத்தியானம், தெற்கே போனீர்கள்... அப்படித்தானே?"

"ஓம்... யெஸ், சேர்."

"இந்த ஊரில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும். வெயில் உங்கள் முதுகில் அல்லவா அடித்திருக்க வேண்டும்?"

இத்தனை பட்டதாரிகள் கூடியிருந்தோம். பூமியின் எந்தப் பாதியில் குடியிருக்கிறோம் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பொய்யைத் திருத்தக்கூடிய லோயரையும் நாங்களே வேண்டாமென்று விட்டோம். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அவருக்கு வேலை போய்விட்டதா? இல்லை. தினமும் யார் கொண்டுபோய் விடுகிறார்கள் என்கிறீர்களா?

விடிய நாலரைக்கு எழும்பி, தூக்கக் கலக்கத்தில் இந்தப் பத்தியை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?