முந்தானையில் முடிந்த மாத்திரை

என் அக்கா கவிஞர். மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டு தமிழில் எழுதுகிறாள். கவிதை மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில், வருகிற சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். அளவு சரியாக இருந்தால் உள்ளே எடுப்போம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவோம். கவிதையை எதை வைத்து அளப்பது?

அவளுடைய புதுப் புத்தகம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூரியரில் வந்தது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு' என்று போட்டிருந்தாள். அதிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கடைசி இரண்டு வருஷம் அம்மா இருந்தது என் வீட்டில். வீங்கிய காலுக்கு எண்ணெய் போட்டது நான். மூச்சு முட்டியபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான். அக்கா பதினாறாம் நாளுக்கு வந்தாள், ஒரு வாரம் அழுதாள், போய்விட்டாள். புத்தகத்தில் என்னவென்றால், அம்மா சாகக் கிடக்கிறாள், இவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிறாள், தலையைக் கோதிக்கொண்டே இருக்கிறாள். ஒன்றல்ல, ஏழெட்டுக் கவிதையில். பொய் என்று சொல்லிச் சொல்லியே பக்கத்தைத் திருப்பினேன்.

அப்புறம் இது வந்தது.

வாயைத் திறந்து காட்டுகிறாள் அம்மா.
நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள்.
சோதிப்பவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும்
கடைவாயிலிருந்து எடுத்து
முந்தானையில் முடிகிறாள்
அன்றைய மாத்திரையை.

இரண்டு முறை படித்தேன்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் சேரும். அதை இறக்க தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. வீட்டில் நான், அம்மா, கல்லூரிக்குப் போகும் என் மகள், மூன்று பேர்தான். எட்டு மணிக்கு நானும் மகளும் கிளம்பிவிடுவோம். கிளம்புமுன் மாத்திரையை நானே அம்மா வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, "ஆ காட்டு" என்பேன். காட்டுவாள். அப்புறம்தான் செருப்பு மாட்டுவேன். கடைசி நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று. ஒரு நாள்கூடத் தவறியதில்லை, நானே வாயைத் திறந்து பார்ப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நுரையீரலில் நீர் நிரம்பித்தான் அம்மா செத்துப்போனாள்.

அப்படியானால் அம்மா மாத்திரையை விழுங்கவே இல்லையா? நான் பார்த்தும் ஏமாந்தேனா? அது மெல்போர்னில் இருக்கிறவளுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, செத்த பிறகு கவிதை எழுதினாளா?

அவளுக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் என் போனில்தான். பிடித்துக்கொண்டு நிற்பது நான். அம்மா "நல்லா இருக்கேன், நீ சாப்டியா" என்பதற்கு மேல் பேசமாட்டாள். அம்மாவின் போனை வாரம் ஒருமுறை நான் பார்ப்பேன். பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று கிழவிகளை ஏமாற்றுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அதில் மெல்போர்ன் நம்பர் வந்ததே இல்லை. மகளைக் கேட்டேன். "ஆச்சி எனக்கு எதுவும் சொல்லல மம்மி. நீ ஏன் போலீஸ் மாதிரி கேக்கறே?" என்றாள்.

மிச்சம் மாவ்ஷிதான். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட மராத்திக்காரி. பத்தரைக்கு வந்து நான் திரும்பும்வரை இருப்பாள். இப்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே வேறு ஒரு வீட்டில் வேலை. மறுநாள் காலை அவள் வரும் நேரத்துக்கு லிஃப்ட் வாசலில் போய் நின்றேன்.

"என் அக்கா உனக்கு போன் செய்வாளா?" என்று இந்தியில் நேரடியாகக் கேட்டேன்.

மாவ்ஷி மறைக்கவில்லை. அம்மா அவளுக்கு ஆஜி, பாட்டி. "ஆமா தீதி. தினமும் பதினோரு மணிக்கு. ஆஜிதான் அவங்க அரைகுறை இந்தியில கேட்டு, என் போன்லயே கூப்பிடச் சொன்னாங்க. அவங்க போனை நீங்க பாப்பீங்களாமே."

"என்ன பேசுவாங்க?"

"உங்க பாஷை எனக்கு எங்கே புரியுது? ஆனா ஆஜி ரொம்பச் சிரிப்பாங்க. வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பாங்க."

என் வீட்டில் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் நான் கேட்க வந்தது வேறு.

"மாத்திரை? காலையில நான் குடுத்த மாத்திரையை என்ன செஞ்சாங்க? தூக்கிப் போட்டாங்களா?"

"ஐயோ, தூக்கியெல்லாம் போடல. நான் வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள முந்தானையை அவிழ்த்து எடுத்து வாயில போட்டுக்குவாங்க. நான்தான் தண்ணி குடுப்பேன். ஒரு நாளும் விட்டதில்ல. நீங்கதான் அந்த நேரம் சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

அம்மா மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். இரண்டரை மணி நேரம் தள்ளி, தினமும். ராத்திரி முழுக்க இருந்த பயம் கொஞ்சம் விட்டது. கொஞ்சம்தான்.

மாவ்ஷி லிஃப்டுக்குள் போகுமுன் திரும்பினாள். "தீதி, போனை வைக்கிறப்ப ஆஜி தினமும் ஒண்ணு சொல்வாங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. 'அவட்ட சொல்லாத.' உங்க பாஷையில பை-பைன்னு அர்த்தமா?"

எங்கள் திருநெல்வேலிப் பேச்சு, அப்படியே அம்மா இழுக்கும் இழுப்போடு அந்த மராத்தி வாயிலிருந்து வந்தது. அவளிடம் சொல்லாதே. அவள் என்றால் நான்.

"ஆமா, பை-பைதான்" என்றேன்.

வீட்டுக்குப் போய் கதவைச் சாத்திவிட்டு அக்காவுக்கு போன் போட்டேன். அங்கே மத்தியானம் கழிந்திருக்கும்.

"புஸ்தகம் வந்துட்டாட்டி?" என்றாள் ஆசையாக.

"வந்துட்டு. சோதிக்கிறவ யாரு, நானா?"

அவள் பதில் சொல்லுமுன் அடுத்ததைக் கேட்டேன்.

"மாத்திரைய ஒளிச்சது ஒனக்கு அப்பவே தெரியும்லா? எனக்கு ஏன் சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னா."

"அம்மா சொன்னா? அவ செத்திருந்தா?" என்று கத்தினேன். செத்துத்தான் போயிருக்கிறாள் என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

அக்கா மெதுவாகப் பேசினாள். "ஏட்டி, அது நீர் மாத்திரை. போட்டா அரை மணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வரும். நீ எட்டு மணிக்குப் போயிருத. தனியா எந்திரிக்கக் கூடாது, விழுந்திருவன்னு நீதான சொல்லிருக்க. மாவ்ஷி பத்தரைக்கு வாரா. அந்த ரெண்டரை மணி நேரம் அம்மா எங்க போவா? மாவ்ஷி வந்த பெறவு முழுங்குன்னு நான்தான் சொன்னேன். இங்க நான் அந்த வேலதான பாக்கேன். கொஞ்ச நேரம் பிந்தினாத் தப்பில்ல, எங்க நர்ஸ்ட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

"இத என்ட்ட சொல்லிருந்தா நானே நேரத்த மாத்திருப்பேம்லா? இதுல என்ன ரகசியம்?"

"ஒரு நாள் மெத்தைய நனைச்சிட்டாளாம். 'காலங்காத்தால எனக்கு இந்த வேல வேறயா'ன்னியாம்."

சொன்னேன். ஒரே ஒரு நாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மகளுக்குப் பரீட்சை, விரிப்பை உருவிக்கொண்டே சொன்னேன். சொன்னதை அன்று மத்தியானமே மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. தொந்தரவு கொடுக்காத அம்மா என்று கம்பெனியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச வராதபோது நான் சண்டைதான் போடுவேன்.

"தண்ணி குடுத்தது மாவ்ஷி. கவிதையில நீ குடுத்த மாதிரி எழுதிருக்க. பக்கத்துல உக்காந்து தலையக் கோதுன மாதிரி எழுதிருக்க. வெக்கமா இல்ல?"

"இங்க தெனமும் எட்டுப் பேரு தலையக் கோதுதேன். ஒருத்தியும் என் அம்மா இல்ல. எழுதவாச்சும் விடேன்ட்டி."

அவள் அழுகிறாளா என்று உற்றுக் கேட்டேன். தெரியவில்லை. அழுதால் அதையும் எழுதிவிடுவாள் என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பை இன்றுவரை என்னால் விட முடியவில்லை.

ஆனால் இன்னொரு கணக்கு இடித்தது. மாத்திரை சமாச்சாரத்தை ஒருமுறை சொன்னால் போதும். தினமும் போனை வைக்கும்போது 'அவட்ட சொல்லாத' என்றால், தினமும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பல மாதம், பல நாள். அத்தனையும் அக்காவிடம் இருக்கிறது. என் வீட்டில், என் கட்டிலில் உட்கார்ந்து பேசியது.

"வேற என்னெல்லாம் சொன்னா?" என்றேன்.

"நெறைய. எழுதிக்கிட்டு இருக்கேன்."

"நீ எழுதி, அச்சடிச்சு, நான் கூரியர்ல வாங்கிப் படிக்கணுமா? இப்ப சொல்லு."

"ஒனக்குக் கோவம் வரும்."

"வரட்டும். சொல்லு."

எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று பொறுக்குகிறாள் என்று நினைத்தேன்.

"ஒன் சாம்பாரு வாயில வைக்க வெளங்காதாம். கம்பெனி கேன்டீன்லருந்து வாங்கிட்டு வந்து சட்டியில ஊத்திருவியோன்னு அவளுக்கு ஒரு சந்தேகம்."

"டாக்டர் உப்பக் குறைக்கச் சொன்னாரு!" என்று கத்தினேன். "அதுக்கு நான் என்ன செய்ய?"

"அது அவளுக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அடுத்தது சொல்லு" என்றேன்.