ஊஜான் என்று எழுதியவன்

போன வாரம் மலாக்காவில் காஜா பெராங் பக்கம் போயிருந்தேன். அருணாசலத்தின் நினைவு நாள். படையல் முடிந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், அவன் அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“படிச்சுக் காட்டு தம்பி,” என்றார். மலாயில்தான் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது.

அருணாசலம் யார் என்று கேட்கிறீர்களா? கவிஞன். அச்சில் வந்தவை ஏழே ஏழு கவிதைகள். இருபத்து மூன்று வயதில் போய்விட்டான். மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை. பெயர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச்சாமி... வீட்டுப் பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக மலாய். மகன் என்னதான் எழுதினான் என்பது மூன்று வருஷமாக அந்த அம்மாவுக்குத் தெரியாது. படித்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. நானும் போகவில்லை.

ஒவ்வொன்றாகப் படித்தேன். மலாயில் அர்த்தம் சொன்னேன். தலையாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு சின்னக் கவிதை. தமிழில் படித்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்துவிட்டார்.

“ஊஜான்னு சொன்னியே... அது என் வார்த்தையாச்சே? மழையை நான் அப்படித்தானே சொல்வேன்? இது பேப்பர்ல வந்துச்சா?”

அந்த வார்த்தைக்கு ஒரு கதை உண்டு.

அருணாசலம் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். மலாய், இங்கிலீஷ் எழுத்துகளைக் கோப்பது அவன் வேலை. எங்கள் மாத இதழும் அங்கேதான் அச்சாகும். கவிதைப் பக்கம் என் பொறுப்பு. பக்கத்து மேஜையில் தமிழ் கோப்பவரிடம் கேட்டுக் கேட்டே தமிழ்ப் பேச்சையும் எழுத்தையும் கற்றுக்கொண்டான். ஈய எழுத்துகள் வலம் இடமாகத் திரும்பியிருக்கும், தெரியுமோ? அவன் தமிழை முதலில் அப்படித்தான் படித்தான். காகிதத்தில் நேராகப் பார்த்தபோது தடுமாறிப் போனதாகச் சொல்லிச் சிரிப்பான்.

இரண்டே வருஷத்தில் கவிதையோடு வந்து நின்றான். படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால், நடுவில் ‘ஊஜான்’.

“இது மலாய் வார்த்தையாச்சே. ‘மழை’ன்னு மாத்து, போட்டுடறேன்.”

“எங்கம்மா ஒருநாளும் மழைன்னு சொன்னதில்லண்ணே. பொய் எழுதச் சொல்றீங்களா?”

பத்திரிகைக்காரனுக்குப் பதில் எதற்கு? திருப்பிக் கொடுத்துவிட்டேன். தமிழைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு நினைப்பு வேறு!

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு கவிதைகள் கொடுத்தான் — மலாய் வாடையே இல்லாமல். ஏழையும் போட்டேன். மலாக்காவிலேயே உஜோங் பாசிரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், ‘இந்தக் கவிஞருக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊர்?’ என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அச்சகம் முழுக்கக் காட்டித் திரிந்தான்.

“காஜா பெராங்னு எழுதிப் போடுங்கண்ணே!”

அப்புறம் இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம். காசநோய் வார்டில் போய்ப் பார்த்தபோது கட்டிலோடு ஒட்டிக் கிடந்தான். மெர்டேக்கா — மலாயாவின் சுதந்திர நாள் — நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஊரெங்கும் அதே பேச்சு.

“அண்ணே, அந்த ஊஜான் கவிதையைப் போடுங்களேன். இனிமே இது நம்ம நாடுதானே? அந்த வார்த்தையும் நம்ம வார்த்தைதானே?”

“மொதல்ல நீ எழுந்து வா. போடறேன்.”

தைரியம் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால்... தட்டிக் கழித்திருக்கிறேன். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

மெர்டேக்காவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இறந்துவிட்டான். ஊரே முழக்கமிட்ட அந்தக் காலையில், பூட்டிக் கிடந்த அச்சகத்து வாசலில் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வீடு அங்கிருந்து பத்து நிமிஷம். போய் நோட்டைக் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தைக் கடக்க மூன்று வருஷம் பிடித்தது எனக்கு.

“வரலம்மா,” என்றேன் அவரிடம். “நான்தான் போடல.”

என் கையை அவர் விடவில்லை.

“ஒண்ணு வரலைன்னு தெரியும்; இதுதான்னு தெரியாது,” என்றார். “ஆஸ்பத்திரியில சொன்னான். அண்ணன் நல்லவருதான், கொஞ்சம் பயந்தவருன்னு.”

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்குக் காப்பி கலக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த நாலு வரியை இந்த மாத இதழுக்காக எழுதி எடுத்துக்கொண்டேன்.

வானம் இருண்டால்
‘ஊஜான்’ என்பாள் அம்மா.
அந்த ஊஜானில்தான்
முளைத்தது என் தமிழ்.

ஓர் எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.