அயினி மரத்துக்குத் தெற்கும் வடக்கும்

நான் படித்தது இரண்டாம் கிளாஸ் வரை. அதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் நாக்குக் கூசியதில்லை. வாழைக்குலையைத் தலையில் சுமந்து பாறசாலைச் சந்தைக்கு நடந்தவன், முப்பது வயதுக்குள் சொந்தமாக இரண்டு மாட்டுவண்டி ஓட்டினேன். செங்கல் ஊர்ப் பக்கத்து ஏத்தன் வாழைக்குலையில் மரத்தில் முற்றியது எது, அவசரத்தில் வெட்டிப் புகை போட்டுப் பழுக்கவைத்தது எது என்று வண்டியை விட்டு இறங்காமலே சொல்லுவேன். எங்கள் வட்டாரத்தில் அப்படி வேறு ஆள் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்டவனுக்குப் பஞ்சாயத்து மெம்பராகும் ஆசை வந்தது நியாயம்தான். குலை ஏற்றுகிற இடத்திலெல்லாம் சொல்லிவைத்தேன். நின்றால் நான்தான் ஜெயிப்பேன் என்று ஊரே பேசியது. பேசாதவர்களிடம் நானே பேசினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சேதி வந்தது. பஞ்சாயத்துகளுக்குப் புதிய சட்டங்கள் எழுதப் போகிறார்களாம். அதில் ஒன்று, அஞ்சாம் கிளாஸ் ஜெயிக்காதவன் மெம்பராக நிற்கக் கூடாது என்பது. முடிவு செய்யும் முன் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்க ஓர் ஆபீசர் மிஷன் பள்ளிக்கூட மைதானத்துக்கு வருகிறார் என்றார்கள்.

இந்தச் சட்டம் வந்தே தீர வேண்டும் என்று ஊரில் நின்றவர் மலையாளம் வாத்தியார். சந்தையில் என்னைக் கண்டதும் ஆரம்பித்தார்.

"முதலாளி, மெம்பர்ன்னா கணக்கு வாசிக்கணும். குலையில சீப்பு எண்ணினா போராது."

"சாரே, சீப்பு எண்ணத் தெரியாமத்தான் போன வாரம் நீரு ஒரு சின்னக் குலைய பெரிய குலை விலைக்கு வாங்கினீரு."

"ஆருடெ கையில வாங்கினேன்?"

"எங்கிட்டயாக்கும்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். சட்டத்தை மட்டும் விடவில்லை.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பகுதி தெற்கே தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், வடக்கே திருவனந்தபுரத்தோடேயே இருக்கட்டும் என்று ஒரு கூட்டம். நாங்கள் தமிழ்க்காரர்கள் தெற்கு. திசையே கட்சியாகிவிட்டதால் சும்மா நடமாடுவதும் கஷ்டமாகிப்போனது. எங்கள் ஆள் ஒருவர் வடக்கு வாசல் வைத்து வீடு கட்டினார். "அங்கோட்டு என்ன வே பார்வ?" என்று கேட்டுக் கேட்டே அதைச் செங்கல் வைத்து அடைக்கச் செய்தார்கள்.

அபிப்பிராயம் கேட்கும் நாளன்று என் இரண்டு வண்டிகளிலும் ஆள் ஏற்றினேன். அஞ்சாம் கிளாஸ் வாசலைக்கூடப் பார்க்காத ஜனம். என் பக்கம் சொல்லாமல் எங்கே போகும் என்ற தைரியம். முன்வண்டியில் என் மனைவியின் தம்பி. போராட்டக் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசுகிறவன், ஊர்ப் பையன்களுக்கெல்லாம் தலைவன்.

ஆபீசர் எங்கேயோ தொலைவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பாவம், ஊர் நிலவரம் தெரியாது. கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு நோட்டீஸ் ஒட்டணும் என்பது மாதிரியான சட்டங்களை வாசித்தபோது எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். அஞ்சாம் கிளாஸ் என்றதும் மைதானம் இரைந்தது. யார் என்ன சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. மைதானத்தின் நடுவில் நின்ற அயினி மரத்தைக் காட்டினார். சட்டம் வேண்டும் என்பவர்கள் மரத்துக்குத் தெற்கே, வேண்டாம் என்பவர்கள் வடக்கே போய் நிற்கட்டும் என்றார்.

நான் வடக்கே போய்த் திரும்பிப் பார்க்கிறேன், என் வண்டியில் வந்த அத்தனை பேரும் தெற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். முன்னால் மைத்துனன். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"எலே, எங்க போற? வேண்டாம்னு சொல்லுகவன் வடக்கயாக்கும் நிக்கணும்."

"அத்தான், உமக்கு உயிரு வேணும்னா தாறேன். வடக்க நிக்க மட்டும் சொல்லாதீரும்."

"இந்தச் சட்டம் வந்தா நான் மெம்பராவ முடியாது மக்கா."

"தெரியும். நான் வடக்க போனா நாளைக்கு இந்தப் பயலுவ என்னை ஊருல நடக்க விடமாட்டானுவ."

"நீ எத்தன கிளாசு படிச்ச?"

"ஒண்ணு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

கையை உதறிவிட்டுப் போய்விட்டான். நான் தனியே வடக்கே வந்து நின்றேன். தெற்கிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"முதலாளி கட்சி மாறிட்டாரு வே. இனி குலையெல்லாம் திருவனந்தபுரத்துலதான் விப்பாரு."

"இப்பவும் அங்கதாம்ல விக்கேன்."

மலையாளம் பேசும் குடும்பத்தார் ஒவ்வொருவராக வடக்கே வந்தார்கள். கடைசியில் குடையோடு வாத்தியாரும் வந்து என் பக்கத்தில் நின்று, தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, சட்டம் வேணும்னு சொன்ன ஆளு நீருல்லா. தெக்க போவும்."

"எனிக்கறியாம், நல்லா தெரியும்."

"பின்ன?"

"தெக்கோட்டு போனா, நாளெ எனிக்கு ஸ்கூளில் காலு வைக்கான் பற்றுமோ?"

ஆபீசரின் குமாஸ்தா தலை எண்ண ஆரம்பித்தார். எண்ணவே வேண்டாம், தெற்கு பொங்கி வழிந்தது. என் மெம்பர் பதவி என் சொந்த ஜனங்களாலேயே போகிறது. வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே இடிந்து உட்கார்ந்திருப்பான். எனக்கு மூளை அப்போதுதான் நன்றாக ஓடும். நேரே ஆபீசரின் மேசைக்குப் போனேன்.

"சார், எழுதறதுக்கு முன்ன ஒரு கேள்வி கூட கேளுங்க. வீட்டு வரிய ரெட்டியாக்கணும்னு உள்ளவங்க தெக்க, வேண்டாம்னு உள்ளவங்க வடக்க."

ஆபீசர் என்ன நினைத்தாரோ, எழுந்து அப்படியே கேட்டார். தெற்கே சலசலப்பு. ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பல் போன கிழவர் ஒருவர் மட்டும் புலம்பினார்.

"ரெட்டியாக்கட்டு. குடுத்துத் தொலைக்கேன்."

ஆபீசர் வடக்கே பார்த்தார். அங்கேயும் அசைவில்லை. "எந்தா இது?" என்றார். உள்ளூர்க்காரரான குமாஸ்தா அவர் காதில் குனிந்து திசை விவரத்தைச் சொன்னார். ஆபீசர் மரத்தை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார், பேனாவை மூடி வைத்தார். எல்லாரும் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கினால் போதும் என்றார்.

சட்டம் வேண்டும் என்று வாத்தியாரும், மிஷன் கோயில் உபதேசியாரும், இன்னும் கொஞ்சம் பேரும் தூக்கினார்கள். வேண்டாம் என்றபோது மைதானம் முழுக்கக் கைகள். என் மைத்துனன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

"ஒரு கை மதி, ஒண்ணு போதும்," என்றார் குமாஸ்தா.

"ஒண்ணுதான் எனக்க கை. மத்தது எனக்க அக்காளுக்கு. போயி அவ கையால சோறு திங்கணும்லா."

கலையும்போது அந்தக் கிழவர் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சாரே, வீட்டு வரி காரியத்த எழுதிப் போடல்லியே?"

அந்தச் சட்டம் வரவே இல்லை. எங்களைப் போல மற்ற ஊர்க்காரர்களும் வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் முதலில் சொன்னது எங்கள் ஊர், சொல்லவைத்தது நான். எல்லை பிறகு களியக்காவிளையோடு நின்றுவிட்டது, நாங்கள் வடக்கிலேயே ஆனோம். அதற்கு நாங்கள் பட்ட துக்கம் வேறு கதை. தேர்தல் வந்தது, நான் மெம்பரானேன். அடுத்த வார்டில் ஜெயித்து வந்தவர் யார் என்கிறீர்கள்? நம்முடைய வாத்தியார்தான்.

முதல் கூட்டத்துக்கு நான் போனபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேசைக்குத் தெற்கு பெஞ்சில் யார், வடக்கு பெஞ்சில் யார் என்று தகராறு. தலைவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் குடையை மூலையில் சாத்தினார். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி மேசையைக் குறுக்கே திருப்பிப் போட்டோம், பெஞ்சுகளையும் அதன்படி நகர்த்தினோம். நல்ல காலம், கிழக்குக்கும் மேற்குக்கும் அன்றைக்குக் கட்சி கிடையாது.